எ வெரி இங்கிலிஷ் ஸ்கேண்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் தொடரைப் பார்க்கச் சொல்லி நான் யாரிடம் பேசினாலும் திரும்பி வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. பெரும்பாலும் 1960களிலும் 70களிலும் பிரிட்டனில் நடந்ததைப் பற்றியது என்பதால், கதை தெரிந்துவிடுமே என்ற கவலை இங்கே செல்லாது. வழக்கின் தீர்ப்பு வரை எல்லாம் சொல்லப்போகிறேன். தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் மூன்று மணி நேரம் ஒதுக்கித் தொடரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இது என்ன தொடர்?

பிபிசி ஒன் அலைவரிசையில் 2018 மே 20 தொடங்கி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓடிய தொடர். மூன்றே பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஜான் பிரெஸ்டன் 2016இல் எழுதிய புத்தகத்தை வைத்து ரஸல் டி. டேவிஸ் திரைக்கதை எழுத, ஸ்டீவன் பிரியர்ஸ் இயக்கினார். ஜெரமி தோர்ப்பாக ஹியூ கிராண்ட், நார்மன் ஸ்காட்டாக பென் விஷா.

ஹியூ கிராண்ட் என்றால் அந்தக் காதல் படக்காரரா?

அவரேதான். முன்முடியைக் கோதிக்கொண்டு, பாதி வாக்கியத்தில் தடுமாறி, மன்னிப்புக் கேட்டபடியே காதலைச் சொல்லும் அதே ஆள். அந்தக் கவர்ச்சி இங்கேயும் இருக்கிறது, ஆனால் வேறு வேலைக்குப் பயன்படுகிறது. வாக்காளர் ஒருவரின் கையைக் குலுக்கும்போது மலரும் முகம், அவர் நகர்ந்ததும் ஒரு நொடியில் காலியாகிவிடும். கன்னமெல்லாம் ஒட்டி, கண்கள் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அவர் நடித்ததிலேயே இதுதான் சிறந்தது என்பது என் கட்சி. விருதுகளை அள்ளியது விஷா: கோல்டன் குளோப், பாஃப்டா, எம்மி மூன்றும் இந்த ஒரே வேடத்துக்கு.

கதை சுருக்கமாக?

லிபரல் கட்சியின் எம்.பி. ஒருவருக்கும் குதிரை லாயத்தில் வேலை செய்த இளைஞன் ஒருவனுக்கும் 1961இல் உறவு ஏற்படுகிறது. அன்றைய சட்டப்படி அது குற்றம். உறவு முறிகிறது. எம்.பி. கட்சித் தலைவராகிறார். இளைஞன் வாயை மூட மறுக்கிறான். 1975இல் ஓர் இரவு, எக்ஸ்மூர் என்ற வெட்டவெளிப் பொட்டலில், கூலிக்கு வந்த ஒருவன் அவனுடைய நாயைச் சுட்டுக் கொல்கிறான். 1979இல் முன்னாள் கட்சித் தலைவர் கொலைச் சதி வழக்கில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறார்.

இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா?

நாய் செத்தது உண்மை. வழக்கு உண்மை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: 1979 ஜூன் 22 அன்று தோர்ப்பும் அவரோடு குற்றம் சாட்டப்பட்ட மூவரும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார்கள். ஸ்காட்டுடன் நட்பு மட்டுமே, உடலுறவு இல்லை என்றே தோர்ப் கடைசிவரை சொன்னார். தொடர் ஸ்காட்டின் பக்கம் நின்று கதை சொல்கிறது. சட்டத்தின் கண்ணில் தோர்ப் குற்றமற்றவராகவே 2014 டிசம்பரில் இறந்தார்.

ஜெரமி தோர்ப் யார்? நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே.

1929இல் பிறந்தவர். அப்பாவும் தாய்வழித் தாத்தாவும் கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள். ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் படிப்பு. 1959இல் வடக்கு டெவன் தொகுதியில் வென்று, 1967இல் 37 வயதிலேயே லிபரல் கட்சித் தலைவரானார். பழங்காலத்துத் தொப்பி, இரட்டைப் பொத்தான் வரிசை வைத்த வெய்ஸ்ட்கோட், பிறரைப் போலப் பேசிக்காட்டும் மிமிக்ரித் திறமை, ஒருமுறை சந்தித்த வாக்காளரின் பெயரை மறக்காத நினைவாற்றல் என்று மேடைக்கே பிறந்தவர். 1974 தேர்தல் ஆண்டில் ஹோவர்கிராஃப்ட் என்ற மிதவை ஊர்தியில் ஏறிக் கடற்கரை கடற்கரையாகப் பிரசாரம் செய்தார். சிட்மத் கடற்கரையில் அலையடித்து ஊர்தி பாழானது தனிக்கதை.

அவரை வெறும் பகட்டுக்காரர் என்று ஒதுக்கவும் முடியாது. தென்னாப்பிரிக்க நிறவெறியை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர். ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளைச் சிறுபான்மை அரசுக்கு எண்ணெய் போகும் ரயில் பாதையில் குண்டு போட வேண்டும் என்று 1966இல் சொல்லி ‘குண்டு தோர்ப்’ என்று கிண்டலுக்கு ஆளானவர். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த கென்யா வாழ் இந்தியர்கள் உள்ளே வருவதைத் தடுக்க 1968இல் கொண்டுவந்த சட்டத்தை அவர் கட்சி எதிர்த்து நின்றது. இது தெரிந்தால்தான் தொடர் பார்க்கும்போது கஷ்டமாக இருக்கும். ஊருக்கு நியாயம் பேசுகிற ஒருவர் தன் வீட்டு வாசலில் நிற்பவனை எப்படி நடத்தினார் என்பதுதானே கேள்வி.

1974 பிப்ரவரித் தேர்தலில் லிபரல் கட்சிக்கு 60 லட்சம் ஓட்டு. கிடைத்த இடங்கள் 14. அப்போதும் பெரும்பான்மை இழந்த பிரதமர் ஹீத் கூட்டணி ஆட்சிக்கு அழைத்தார். தோர்ப் டவுனிங் தெருவுக்குப் போய்ப் பேசினார். பேரம் படியவில்லை. அமைச்சர் நாற்காலிக்கு அவ்வளவு அருகில் போய்விட்டு வந்தவர் என்பதை மனதில் வையுங்கள்.

நார்மன் ஸ்காட்?

பிறக்கும்போது நார்மன் ஜோசிஃப், பிறகு ஸ்காட். குதிரைகளோடு பழகத் தெரிந்தவர், அழகன், மன நோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தவர், எங்கேயும் நிலைக்காதவர். வேலை பார்த்த லாயத்துக்கு வந்த தோர்ப், ‘எப்போதாவது உதவி வேண்டுமானால் நாடாளுமன்றத்துக்கு வா’ என்று சொல்லிவிட்டுப் போனாராம். நம் ஊரில் இப்படிச் சொன்னால் யாராவது நிஜமாகவே போவார்களா? ஸ்காட் போனார். 1961 நவம்பரில், மிஸஸ் டிஷ் என்ற தன் சின்ன நாயையும் தூக்கிக்கொண்டு.

அன்று இரவே தோர்ப் தன் தாயின் வீட்டுக்கு அவரை அழைத்துச் சென்றதாகவும் உறவு அங்கே தொடங்கியதாகவும் ஸ்காட் சொன்னார். அவருக்கு அப்போது 21 வயது. முதல் இரவு பற்றிய அவருடைய வாக்குமூலத்தில் விருப்பம் இல்லை, வலிதான் இருக்கிறது. தொடர் அந்தக் காட்சியைக் கொஞ்சம் மென்மையாக்கிவிட்டது என்பது எனக்கு உள்ள குறைகளில் ஒன்று.

தொடர் முழுக்க ஏதோ ஒரு கார்டு, கார்டு என்கிறார்களே, அது என்ன?

நல்லவேளை கேட்டீர்கள். இது புரியாவிட்டால் தொடரில் பாதி புரியாது.

அது தேசியக் காப்பீட்டு அட்டை. அந்தக் காலத்து பிரிட்டனில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. அதை முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். முதலாளி தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் வாங்கி வாராவாரம் அதில் ஒட்ட வேண்டும். ஸ்டாம்ப் சரியாக ஒட்டியிருந்தால்தான் வேலையில்லாத காலத்தில் உதவித்தொகை, நோய்வாய்ப்பட்டால் பணம், வயதான பிறகு ஓய்வூதியம் எல்லாம். வேலை மாறினால் அட்டையை வாங்கிக்கொண்டு போய் அடுத்த முதலாளியிடம் கொடுக்க வேண்டும். அட்டை இல்லாதவனை ஒழுங்கான முதலாளி எவரும் சேர்க்கத் தயங்குவார். பி.எஃப். கணக்கு, ரேஷன் கார்டு, நன்னடத்தைச் சான்றிதழ் மூன்றையும் ஒரே அட்டையில் அச்சடித்துக் கொடுத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வேலையில் சண்டை போட்டுக்கொண்டு வந்ததில் ஸ்காட்டின் அட்டை அங்கேயே தங்கிவிட்டது. புது அட்டை வாங்கித் தருகிறேன் என்று தோர்ப் பொறுப்பேற்றார். அதை அவர் வாங்கி வைத்துக்கொண்டு தன்னிடம் தரவே இல்லை, ஸ்டாம்பும் ஒட்டவில்லை என்பது ஸ்காட்டின் புகார். பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக, யாரிடம் தோர்ப்பைப் பற்றிப் பேசினாலும் ஸ்காட் பேச்சைக் கொண்டுவந்து முடித்த இடம் இந்த அட்டைதான். காதல் முறிந்ததைக்கூட ஆற்றிக்கொண்டிருப்பார் போல. அட்டையை விடவில்லை.

‘அப்படியானால் ஒரு அட்டையைப் போட்டுக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் முதல் பகுதி முடிந்ததும் திரையைப் பார்த்து அதையேதான் கேட்டேன். பதில் இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் உறைத்தது. ஸ்டாம்ப் ஒட்டுகிறவர் முதலாளி. ஒட்டினால் ‘இவன் என்னிடம் வேலை பார்த்தான், என் பொறுப்பில் இருந்தான்’ என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததாகிவிடும். எதை மறைக்கத் தோர்ப் தவித்தாரோ அதற்கு அதுவே சாட்சி. சில ஷில்லிங் செலவில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் ஒரு கொலைச் சதி வழக்கில் போய் நின்றது இதனால்தான்.

‘முயல்கள்’ கடிதம் என்றால் என்ன?

தோர்ப் ஸ்காட்டை ‘முயல்குட்டி’ என்று செல்லமாக அழைத்திருக்கிறார். பிரான்ஸ் போய்க் குதிரையேற்றம் கற்க ஸ்காட் ஆசைப்பட்டபோது, 1962 பிப்ரவரியில் நாடாளுமன்ற முகவரி அச்சிட்ட தாளில், ‘முயல்கள் பிரான்ஸ் போகலாம், போகும்’ என்று எழுதினார். அந்த ஆண்டு இறுதியிலேயே ஸ்காட் லண்டன் போலீஸிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிக் கடிதங்களையும் கொடுத்துவிட்டார். போலீஸ் அதைக் கோப்பில் போட்டு மூடி வைத்தது. 1976 மே மாதம் சண்டே டைம்ஸில் அந்தக் கடிதம் வெளியான சில நாட்களில் தோர்ப் கட்சித் தலைமையை விட்டு விலகினார். தொப்பி வைத்த கனவான் ஒருவர் எழுதிய முயல்குட்டியைப் பார்த்து நாடே சிரித்தபோது, மறுப்பறிக்கை எதுவும் எடுபடவில்லை.

பீட்டர் பெசல் நல்லவரா கெட்டவரா?

கார்ன்வாலில் உள்ள பாட்மின் தொகுதியின் லிபரல் எம்.பி., கிறிஸ்தவ சபையில் பிரசங்கம் செய்கிறவர், கடனில் மூழ்கிய வியாபாரி, பெண்கள் விஷயத்தில் சபலக்காரர். அலெக்ஸ் ஜென்னிங்ஸ் அந்த வேடத்தில் அசத்துகிறார். தொடர் தொடங்குவதே பெசலும் தோர்ப்பும் நாடாளுமன்ற உணவறையில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் தங்கள் படுக்கையறை ரகசியங்களைப் பரிமாறிக்கொள்வதில்தான்.

1965இல் ஸ்காட் டப்ளினிலிருந்து தோர்ப்பின் தாய்க்கே ஒரு நீண்ட கடிதம் எழுதிவிட்டார், உங்கள் மகனும் நானும் இப்படி இருந்தோம் என்று. அந்தத் தீயை அணைக்க அனுப்பப்பட்டவர் பெசல். அதன் பிறகு ஸ்காட்டுக்கு வாரம் ஐந்து பவுண்டு, ஏழு பவுண்டு என்று பெசல் கையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1968 டிசம்பரில் தோர்ப் தன்னிடம் ஸ்காட்டைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்று சொன்னதாகவும், தான் அதிர்ந்து நிற்க, ‘நோய் பிடித்த நாயைச் சுடுவதைவிட இது ஒன்றும் மோசமில்லை’ என்று அவர் பதில் சொன்னதாகவும் பெசல் பின்னால் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். ஏழு வருடம் கழித்துச் சுடப்பட்டது நாய்தான். கற்பனைக் கதையில் இப்படி எழுதினால் ரொம்ப இழுக்கிறாய் என்று ஆசிரியர் வெட்டியிருப்பார்.

நல்லவரா என்று கேட்டால், பயந்தவர் என்பேன். நண்பனுக்காகப் பொய் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் உண்மையைச் சொன்னபோது யாரும் நம்பாத நிலைக்கு வந்தவர்.

எக்ஸ்மூரில் அன்று இரவு என்னதான் நடந்தது?

1975 அக்டோபர் 24, மழை. அதற்கு முந்தைய கூத்தையும் சொல்ல வேண்டும். கூலிக்கு அமர்த்தப்பட்டவர் ஆண்ட்ரூ நியூட்டன் என்ற விமான ஓட்டி. ஸ்காட் இருந்த ஊர் டெவனில் உள்ள பார்ன்ஸ்டபிள். நியூட்டன் முதலில் போய்த் தேடியது லண்டனுக்கு வடக்கே உள்ள டன்ஸ்டபிளில். சென்னையில் இருப்பவனைத் தேடி சென்னிமலைக்கு பஸ் ஏறிய மாதிரி. அதற்கு முன் பூங்கொத்துக்குள் உளியை மறைத்து வைத்துக்கொண்டு லண்டன் ஹோட்டல் ஒன்றில் காத்திருந்ததும் உண்டு, ஸ்காட் வரவில்லை.

சரி, அந்த இரவுக்கு வருவோம். ‘உன்னைக் கொல்ல கனடாவிலிருந்து ஒருவன் வருகிறான், உன்னைப் பாதுகாக்கத்தான் நான் வந்திருக்கிறேன்’ என்று வேறு பெயரில் அறிமுகமாகி ஸ்காட்டை நம்பவைத்தார் நியூட்டன். காரில் ஏற வந்த ஸ்காட், கூடவே ரிங்காவையும் ஏற்றினார். ரிங்கா கிரேட் டேன் இனம். கன்றுக்குட்டி உயரம் இருக்கும் நாய். நியூட்டனுக்கோ நாய் என்றால் பயம். திட்டத்தில் நாயே கிடையாது.

திரும்பி வரும் வழியில், மேட்டு நிலத்தில், கார் தள்ளாடுகிறது. தூக்கம் வருகிறது என்கிறார் நியூட்டன். நான் ஓட்டுகிறேன் என்று ஸ்காட் இறங்கிச் சுற்றி வருகிறார். உலாத்த விடப்போகிறார்கள் என்று நினைத்த ரிங்காவும் குதித்து இறங்கி ஓடி வருகிறது. அதன் தலையில் குண்டு. ‘அடுத்தது நீ’ என்று துப்பாக்கி திரும்புகிறது. வெடிக்கவில்லை. மறுபடி அழுத்துகிறார், உதறுகிறார், கார் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். துப்பாக்கி சிக்கிக்கொண்டுவிட்டது. கெட்ட வார்த்தையோடு காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார். ஸ்காட் மழையில் நாயின் உடலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறார். பிறகு அந்த வழியாக வந்த காரை மறித்து உதவி கேட்கிறார்.

தொடரில் இந்தக் காட்சி வரும்வரை நியூட்டன் சிரிப்பு மூட்டும் கோமாளி. அந்த ஒரு குண்டுக்குப் பிறகு சிரிப்பு தொண்டையில் நிற்கிறது.

ஒரு கொலை முயற்சியைப் போய் நகைச்சுவையாக எடுக்கலாமா?

என் வீட்டிலேயே இதில் சண்டை வந்தது. என் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஊளையிடும் இசையும் இருண்ட அறைகளுமாக எடுத்திருந்தால், இது ஒரு பெரிய மூளை போட்ட சதி என்ற எண்ணம் வந்திருக்கும். நடந்தது அப்படியில்லை. கார்ப்பெட் வியாபாரி ஒருவர், சூதாட்ட எந்திர வியாபாரி ஒருவர், ஊர் பெயரைத் தப்பாகக் கேட்ட விமான ஓட்டி ஒருவர் என்று கைமாறிக் கைமாறிப் போன ஏற்பாடு என்றே அரசுத் தரப்பு சொன்னது. தேர்தல் செலவுக்கென்று நன்கொடையாளர் கொடுத்த பணம், கராச்சியைப் பூர்விகமாகக் கொண்ட நாதிர் தின்ஷா என்ற நண்பர் வழியாகச் சுற்றிவிடப்பட்டது. ஏதும் அறியாமல் உதவிய அவர், பின்பு அரசுத் தரப்புச் சாட்சியாக வந்து உள்ளதைச் சொன்னார். இத்தனையும் படித்தவர்கள், மேட்டுக்குடி வட்டாரத்தில் புழங்கியவர்கள். சிரிக்காமல் இதை எப்படிச் சொல்வது?

இன்னொன்று, சிரிப்பு யாரைப் பார்த்து என்பதை டேவிஸ் கவனமாக வைத்திருக்கிறார். முதல் பகுதியில் ஸ்காட்டின் தளுக்கையும் அழுகையையும் பார்த்துச் சிரிக்கிறோம். மூன்றாம் பகுதியில் அதே ஸ்காட் சாட்சிக் கூண்டில் நின்று வக்கீலுக்குப் பதிலுக்குப் பதில் கொடுக்கும்போது, நீதிமன்றத்தில் எழும் சிரிப்பு அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

பேட்ஜர் வளர்க்கும் பிரபு யார்? அது கற்பனைதானே?

இல்லை, அரன் பிரபு நிஜமான ஆள். பேட்ஜர் என்பது வளைதோண்டி, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட முகம் கொண்ட விலங்கு. அதை வீட்டுக்குள்ளேயே வளர்த்தார். அவரும் லேபர் எம்.பி. லியோ ஏப்ஸும் சேர்ந்து கொண்டுவந்த சட்டம்தான் 1967இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது நிரம்பிய ஆண்களின் தன்பாலுறவைத் தனியிடத்தில் குற்றமில்லை என்று ஆக்கியது. ஸ்காட்லாந்துக்கும் வடக்கு அயர்லாந்துக்கும் அது வர 1980களின் தொடக்கம் ஆனது. பிரிட்டிஷார் 1860இல் நமக்கு எழுதிவிட்டுப் போன 377ஆம் பிரிவின் அந்தப் பகுதியை இந்திய உச்ச நீதிமன்றம் நீக்கியது, இந்தத் தொடர் வெளியான அதே 2018இன் செப்டம்பரில்.

சட்டம் மாறிவிட்டதே, பிறகு தோர்ப்புக்கு என்ன பயம் என்று கேட்கலாம். சட்டம் மாறிய அன்றே ஊர் மாறிவிடுமா? கட்சித் தலைவர், திருமணமானவர், குழந்தைக்குத் தகப்பன். 1970இல் முதல் மனைவி கரோலின் கார் விபத்தில் இறந்தபோது நாடே அவருக்காக வருந்தியது. 1973இல் பியானோ கலைஞர் மேரியனை மணந்தார். உறவு நடந்ததாகச் சொல்லப்பட்ட காலத்தில் அது குற்றம் என்பதும் அப்படியே இருந்தது.

விஷயம் எப்படி வெளியே வந்தது?

ஸ்காட் சொல்லிக்கொண்டேதான் இருந்தார், கேட்கத்தான் ஆளில்லை. 1971இல் லிபரல் கட்சிக்குள்ளேயே ரகசிய விசாரணை நடந்து, அவரைப் பொய்யன் என்று திருப்பி அனுப்பினார்கள். 1976 ஜனவரியில் உதவித்தொகை மோசடி என்ற சின்ன வழக்குக்காக பார்ன்ஸ்டபிள் நீதிமன்றத்தில் நின்றவர், ‘ஜெரமி தோர்ப்புடன் எனக்கு இருந்த உறவுக்காகத்தான் என்னைத் துரத்துகிறார்கள்’ என்று உரக்கச் சொன்னார். நீதிமன்றத்தில் பேசியதை வெளியிட்டால் அவதூறு வழக்குப் போட முடியாது. பத்திரிகைகளுக்கு அது போதும். அதுவும் பாருங்கள், வந்தது உதவித்தொகை வழக்கில். மறுபடியும் அட்டை!

இரண்டு மாதம் கழித்து, நாயைச் சுட்ட வழக்கில் நியூட்டனுக்கு இரண்டாண்டு சிறை. ஸ்காட் என்னை மிரட்டிப் பணம் பறித்தார், பயமுறுத்தத்தான் போனேன் என்று அப்போது சொன்னவர், வெளியே வந்ததும் 1977இல் ஒரு மாலைப் பத்திரிகையில், ‘ஸ்காட்டைக் கொல்லத்தான் கூலி வாங்கினேன்’ என்று கதையை மாற்றினார்.

இவ்வளவு இருந்தும் எப்படி விடுதலை?

மூன்று காரணம் சொல்லலாம், எடை சமமில்லை.

முதலாவது, வக்கீல் ஜார்ஜ் கார்மன். அதுவரை லண்டனில் பெரிதாகப் பெயர் இல்லாதவர், இந்த வழக்குக்குப் பின் நாட்டிலேயே பெரிய வக்கீல். முக்கியச் சாட்சி பெசல், ஒரு பத்திரிகையுடன் ஒப்பந்தம் போட்டிருந்தார்: தோர்ப்புக்குத் தண்டனை கிடைத்தால் 50,000 பவுண்டு, விடுதலையானால் பாதி. இந்த ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கார்மன் பெசலைப் பிழிந்து காயப்போட்டார். தண்டனை கிடைத்தால் இரட்டிப்புக் கூலி என்று இருக்கிற சாட்சியை எந்த ஜூரி நம்பும்? தோர்ப்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாமலே விட்டதும் கார்மனின் சாமர்த்தியம். ஏறாதவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே.

இரண்டாவது, நீதிபதி கான்ட்லி. ஜூரிக்கு வழக்கைத் தொகுத்துச் சொல்லும்போது ஸ்காட்டை ஏமாற்றுக்காரர், ஒட்டுண்ணி, சதா புலம்புகிறவர் என்று அடுக்கிவிட்டு, ‘ஆனாலும் அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம்’ என்று முடித்தார். தோர்ப்பைக் குறிப்பிடும்போது நாட்டுக்கு நற்சேவை செய்த பெரிய மனிதர். அடுத்த சில நாட்களிலேயே நகைச்சுவைக் கலைஞர் பீட்டர் குக் மேடையேறி அந்த நீதிபதியைப் போலவே பேசிக் கிழித்துத் தோரணம் கட்டினார். தொடரில் நீதிபதியின் பேச்சு மிகைப்படுத்தப்பட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. எழுத்தாளர் அதிகம் சேர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மூன்றாவது, சாட்சிகளில் கறைபடாதவர் குறைவு.

விடுதலைக்குப் பிறகு தோர்ப்?

விடுதலையானார், அவ்வளவுதான். வழக்கு தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, 1979 மே 3 தேர்தலில், இருபது ஆண்டு காத்த தொகுதியை இழந்திருந்தார். அதே தொகுதியில் பத்திரிகையாளர் ஆபரன் வா, ரிங்காவின் நினைவாக ‘நாய்ப் பிரியர்கள் கட்சி’ என்று ஒன்றைத் தொடங்கி நின்று 79 ஓட்டு வாங்கினார். அப்புறம் தோர்ப்புக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. பொதுவாழ்க்கைக்குத் திரும்ப முடியாமலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மேரியன் கடைசிவரை கூடவே இருந்தார். 2014 மார்ச்சில் அவர் போனார், அதே ஆண்டு டிசம்பரில் தோர்ப்.

தீர்ப்பு வந்த பிறகு மேரியனும் தோர்ப்பும் தனியே இருக்கும் காட்சியில், மேரியனாக நடித்த மோனிகா டோலன் முகத்தை மட்டும் பாருங்கள். கணவனிடம் அவர் கேட்பதைவிடக் கேட்காமல் விடுவதுதான் அதிகம்.

தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது?

முயன்று தோற்றேன். ‘ஊழல்’ என்றால் பணம் அடித்த கதையாகிவிடும். ‘விவகாரம்’ செய்தித்தாள் சொல். வீட்டில் பேசுகிற மாதிரி ‘சந்தி சிரித்த கதை’ என்றால் பொருள் சரியாக உட்காருகிறது, ‘இங்கிலிஷ்’ எங்கே போவது என்று தெரியவில்லை. அந்த ‘இங்கிலிஷ்’ தலைப்பில் இருப்பதற்குக் காரணமே, எல்லாவற்றையும் மரியாதையான முகத்தோடு, நல்ல உடை உடுத்தி, ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியே செய்தார்கள் என்பதுதான்.

‘எ வெரி பிரிட்டிஷ் ஸ்கேண்டல்’ இதன் இரண்டாம் பாகமா?

தலைப்பு மட்டும்தான் உறவு. 2021இல் வந்த அது ஆர்கைல் சீமாட்டியின் விவாகரத்து வழக்கு பற்றியது, கிளேர் ஃபாய் நடித்தது. தனிக்கதை, தனியாகவே பார்க்கலாம்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம்.

உண்மையான ஸ்காட் தொடரைப் பார்த்தாரா? என்ன சொன்னார்?

பார்த்தார். தன்னைப் பலவீனமானவனாகக் காட்டிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். தான் ஒருபோதும் அப்படி இருந்ததில்லை என்றார். நியாயமான கோபம் என்றே நினைக்கிறேன். நாடாளுமன்றம், கட்சி, போலீஸ், நீதிமன்றம் எல்லாம் பொய்யன் என்று சொன்ன பிறகும் ஒரே கதையை மாற்றாமல் சொன்னவர் அவர். விஷா கோல்டன் குளோப் மேடையில் விருதை ஸ்காட்டுக்குச் சமர்ப்பித்து அவரை ஒரு நாயகன் என்று சொன்னபோது கொஞ்சம் ஆறியிருக்கலாம். 2022இல் தன் பக்கத்தை ஸ்காட் தானே ஒரு புத்தகமாகவும் எழுதிவிட்டார்.

கடைசியில் அந்த அட்டை கிடைத்ததா?

மூன்றாம் பகுதி முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். திரையில் உண்மையான நார்மன் ஸ்காட் வருவார், வயதாகி, டெவனில், தன் விலங்குகளோடு. கீழே எழுத்து ஓடும். குதிரை, கோழி, நாய் என்று அவர் வளர்ப்பவற்றைச் சொல்லிவிட்டு, தேசியக் காப்பீட்டு அட்டை இன்னும் வந்து சேரவில்லை என்றிருக்கும்.